கைக்கு எட்டும் வேட்டையும் ஒரு சோதனைதான்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் அமீன், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது:



போன வாரம் மஃரிப் தொழுகை முடிந்து சுன்னத்தும் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி பக்கத்தில் வந்து அமர்ந்தார். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. ஐவேளைத் தொழுகையில் அக்கறை உள்ளவர். செல்போனை என் கையில் கொடுத்து, "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தால் வரிசையாக ஏர் ரைஃபிள் படங்கள். "இதுல எது நல்லது ஹஜ்ரத்? 4.5 மி.மீ. எடுக்கலாமா, 5.5 எடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ரு தொழுதுட்டு நாலு பேரா ஊசுடு ஏரிப் பக்கம் போகலாம்னு இருக்கோம். கொக்கு, புறா, கிடைச்சா முயல். பிஸ்மி சொல்லித்தான் சுடுவோம். எந்த பெல்லட்ல சுட்டா ஹலால்?"

சகோதரர்களே, நான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மனதிற்குள் சந்தோஷம்தான் பட்டேன். துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் பள்ளிவாசலுக்கு வந்து கேட்கிற பிள்ளை அது. இந்தக் காலத்தில் வீடு வாங்குபவர் கேட்பதில்லை, வட்டிக்கு எடுப்பவர் கேட்பதில்லை. இந்தப் பிள்ளை ஒரு கொக்கைப் பற்றிக் கேட்கிறது. அந்தத் தம்பியின் அனுமதியோடுதான் இந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் ஃபிக்ஹு கிதாபில் வேட்டை பற்றிய பாடம் வந்தபோது, "இந்தக் காலத்துல யார் வேட்டைக்குப் போறா?" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டு வேகமாகக் கடந்தோம். இந்தத் தம்பி கேட்ட பிறகு அந்தப் பாடத்தை மறுபடியும் திறந்து படித்தேன். படித்தது எனக்கே பாடமாக இருந்தது.

மார்க்கத்தில் வேட்டை இழிவான காரியமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்லாத்தில் வேட்டை ஹராம் அல்ல. அல்மாயிதா சூராவின் 4ஆம் வசனத்தில், பயிற்சி கொடுக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்று அனுமதி இருக்கிறது. இஸ்மாயீல் (அலை) அவர்கள் அம்பெய்வதில் வல்லவராக இருந்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் காட்டினார்கள். ஹம்ஸா (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வேட்டையிலிருந்து திரும்பி வரும் வழியில்தான், அபூஜஹ்ல் நபியவர்களை ஏசிய செய்தி அவர்கள் காதில் விழுந்தது.

ஆகவே வேட்டையில் ஆசை வைப்பது ஒரு பிள்ளையைக் கெட்ட பிள்ளை ஆக்கிவிடாது. ஆனால் அனுமதிக்கப்பட்ட எந்தக் காரியத்திற்கும் வாசல் உண்டு, எல்லை உண்டு. கடைக்காரர் துப்பாக்கியின் விலையையும் வேகத்தையும் சொல்வார். "இந்த உயிரை எடுக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று அவர் கேட்க மாட்டார். அதைக் கேட்க வேண்டிய இடம் இது.

முதல் வாசல்: ஒப்பந்தம்

அல்மாயிதா சூராவின் முதல் வசனத்தை வீட்டுக்குப் போனதும் தர்ஜுமாவோடு எடுத்துப் பாருங்கள். ஈமான் கொண்டவர்களை அழைத்து அல்லாஹ் முதலில் இடும் கட்டளை, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது. அதே வசனத்தில் கால்நடைகள் உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டன என்கிறான். அதே வசனத்தில், இஹ்ராமில் இருக்கும்போது வேட்டையை ஆகுமானதாகக் கருதாதீர்கள் என்கிறான். ஒப்பந்தமும் வேட்டையும் ஒரே வசனத்தில் வருகின்றன. சாதாரண நாளில் ஹலாலான ஒரு மான், இஹ்ராம் அணிந்தவருக்கு ஹராம் ஆகிவிடுகிறது. மான் மாறவில்லை, அம்பும் மாறவில்லை. அந்த மனிதர் ஓர் உடன்படிக்கைக்குள் நுழைந்துவிட்டார், அவ்வளவுதான்.

இடத்தைப் பொறுத்தும் தடை உண்டு. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக்கூடக் கூடாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால்கூட அவற்றைப் பயமுறுத்த மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. "இந்த இடத்தில் இந்த உயிரைத் தொடாதே" என்று வேலி போடுவது நமக்குப் புதிய சட்டம் இல்லை, சகோதரர்களே. பதினான்கு நூற்றாண்டுகளாக நாம் அறிந்ததுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் போய் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1962இல் அது சட்டப்படி முழுமையானது. இந்த நாட்டின் குடிமக்களாக, இதன் சட்டத்திற்குக் கட்டுப்பட்டு வாழ்வதாக நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பாஸ்போர்ட்டும் ரேஷன் அட்டையும் அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் நம் கையில் இருக்கின்றன. பாவம் செய்யச் சொன்னால்தான் ஒரு சட்டத்திற்குக் கட்டுப்படக் கூடாது. ஒரு பறவையைச் சுடாதே என்று சொல்வதில் என்ன பாவம் இருக்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய பட்டியல்கள் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தம்பி சொன்ன கொக்கு, புள்ளிப்புறா, காட்டு முயல் எல்லாம் அதற்குள் வருகின்றன. கொல்வது மட்டும்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாவற்றையும் அந்தச் சட்டம் வேட்டை என்றே கணக்கிடுகிறது. குறி தவறியது என்று சொல்லியும் தப்ப முடியாது. பொதுவான தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஊசுடு ஏரியோ சாதாரண ஏரி அல்ல. ஒரு பாதி நம் புதுச்சேரியிலும் மறு பாதி விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிற அந்த ஏரியின் நம் பக்கத்துப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திற்குள் வேட்டையாடினால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை போகும். துப்பாக்கியும் போகும், ஏறிப்போன பைக்கும் பறிமுதலாகும். "சரி ஹஜ்ரத், மரக்காணம் பக்கம் கழுவேலிக்குப் போயிடுவோம்" என்று யாராவது நினைத்தால், அதுவும் 2021இல் சரணாலயமாகிவிட்டது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கே இரண்டு சந்தேகங்கள் வரும். ஒன்று, "பிரான்சுல இருக்கிற எங்க மாமா வேட்டைக்குப் போறாரே ஹஜ்ரத்?" நம் வீதிகளில் பாதி வீடுகளுக்கு அங்கே சொந்தம் இருக்கிறது, ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது. அங்கே தேர்வு எழுதித் தேறி வேட்டை உரிமம் வாங்குகிறார்கள். எந்த மாதத்தில் எதைச் சுடலாம் என்று காலம் குறித்திருக்கிறது. மாமா அந்த நாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றுகிறார். நீங்கள் இந்த நாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றுங்கள். அவர் அங்கே சரிதான் என்பதால் நீங்கள் இங்கே சரி என்று ஆகிவிடாது.

இரண்டாவது சந்தேகம்தான் பலரைக் குழப்புவது. "ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸே வேண்டாமே!" உண்மைதான். ஆயுத விதிகள் 2016இன்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. ஆனால் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதை, உயிரை எடுக்க உரிமம் கிடைத்துவிட்டது என்று புரிந்துகொள்ளாதீர்கள். கத்தி வாங்க உரிமம் வேண்டாம். அதற்காகப் பக்கத்து வீட்டு ஆட்டை அறுத்துவிட முடியுமா?

இரண்டாவது வாசல்: உயிர் எப்படிப் போகிறது?

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மார்க்கச் சட்டத்தை மட்டும் பார்ப்போம். தம்பியின் கேள்வி "எந்த பெல்லட் ஹலால்?" என்பது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஹதீஸ் இருக்கிறது.

அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைப் பழக்கம் உள்ளவர்கள். மிஃராழ் என்ற ஒரு வகை அம்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அதன் முனை குத்திக் கிழித்தால் உண்ணலாம், அதன் பக்கவாட்டு மரம் அடித்து அதனால் பிராணி செத்தால் உண்ண வேண்டாம், அது அடிபட்டுச் செத்தது என்ற கருத்தில் பதில் வந்தது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஹதீஸ். அல்மாயிதாவின் 3ஆம் வசனத்தில் ஹராமாக்கப்பட்டவற்றின் வரிசையில் "மவ்கூதா" என்று வருகிறதே, அது இதுதான். தடியாலோ கல்லாலோ அடிபட்டுச் செத்த பிராணி.

அந்தக் காலத்தில் வில்லில் வைத்து எறிகிற களிமண் உருண்டை ஒன்று இருந்தது. அதற்கு அரபியில் புந்துகா என்று பெயர். அதனால் கொல்லப்பட்ட பிராணி மவ்கூதாதான் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இன்று அரபியில் துப்பாக்கிக்கு என்ன சொல்கிறோம்? புந்துகிய்யா. அந்தப் பழைய உருண்டையின் பெயர் இன்றைய துப்பாக்கியில் ஒலிக்கிறது. ஏர் ரைஃபிளின் பெல்லட் என்பது என்ன? ஒரு கிராம்கூடத் தேறாத ஒரு சிறு ஈயத் துண்டு. அதற்கு விளிம்பு இல்லை, வெட்டுவாய் இல்லை. வேகத்தால் மோதிக் கொல்கிறது.

"கூர்முனை பெல்லட் இருக்கே ஹஜ்ரத், அது துளைக்குமே?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வெடிமருந்துத் துப்பாக்கியின் குண்டைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. குண்டு வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, கூர்மையால் அல்ல, ஆகவே கூடாது என்பது ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்றவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபிலும், மோதும் கனத்தால் கொல்லப்பட்டது ஆகாது என்பதே அடிப்படை. துளைத்துச் செல்வதால் கூடும் என்று சொன்ன ஷவ்கானீ (ரஹ்) போன்றவர்களும் உண்டு. நம் ஜமாஅத்தில் ஷாஃபிஈயும் இருக்கிறார்கள், ஹனஃபியும் இருக்கிறார்கள். இரண்டு மத்ஹபின் வழியில் பார்த்தாலும், பெல்லட் பட்டே செத்த பறவையை நான் உங்கள் சட்டிக்கு அனுமதிக்க மாட்டேன். கீழே விழுந்ததை உயிர் நிலைத்திருக்கும்போதே பிடித்து முறைப்படி அறுத்தால் அது ஹலால். அதில் பேதம் இல்லை.

ஆனால் ஏரியில் நடப்பது என்ன? பறவை அடிபட்டுத் தண்ணீரில் விழுகிறது. இதற்கும் அதே அதிய்யு (ரலி) அவர்களின் அறிவிப்பில் பதில் இருக்கிறது. எய்த பிராணி தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டால் உண்ணாதே, கொன்றது தண்ணீரா உன் அம்பா என்று உனக்குத் தெரியாதே என்றார்கள் நபியவர்கள். பார்த்தீர்களா? கரையில் நின்று சுட்டுவிட்டு, முட்டளவு சேற்றில் இறங்கித் தேடி எடுத்து வருகிற பறவையை இந்த ஒரு ஹதீஸ் நம் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. பிஸ்மி சொன்னது மட்டும் போதாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ராணுவத்தின் ரைஃபிள் குண்டில் ஆயிரம் ஜூலுக்கு மேல் ஆற்றல். ஏர் ரைஃபிளில் இருபதுக்குள். உடனே விழாத பறவை என்ன ஆகும்? உடம்பில் ஈயத்தோடு பறந்து போகும். எங்கோ ஒரு கருவேலம் புதரில் இரண்டு நாள், மூன்று நாள் துடித்துச் சாகும். அல்லாஹ் எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அழகிய முறையை விதித்திருக்கிறான், அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறையுங்கள் என்று கற்றுத்தந்த நபியின் உம்மத் நாம். நம் வீட்டு குர்பானிக்குக் கத்தியைத் தீட்டுகிறோம். ஏரிக்கரைக்கு மட்டும் அந்த சுன்னத் பொருந்தாதா?

என் கையால் விழுந்த ஒரு புறா

இதை மேலே இருந்துகொண்டு உங்களுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் செய்திருக்கிறேன்.

எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். கொய்யா மரக் கவட்டையில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டி உண்டிவில் செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் அஸருக்குப் பிறகு, வேப்பமரத்தில் இருந்த ஒரு புள்ளிப்புறாவைக் குறி வைத்தேன். நூறு தடவை தவறிய குறி அன்று தவறவில்லை. சிறகை அடித்துக்கொண்டே விழுந்தது. நான் கிட்டே போய் எடுப்பதற்குள் தலை தொங்கிவிட்டது. பெரிய வீரன் மாதிரி நன்னியிடம் கொண்டுபோய், "நன்னி, இதை வறுத்துத் தா" என்றேன்.

நன்னி அதை வாங்கிப் பார்த்தார். "அறுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உயிர் இருந்துச்சா?" பதில் சொல்லவில்லை. "இது கறி ஆகாதுடா. செத்துப்போனது" என்று சொல்லிவிட்டு முருங்கை மரத்தடியில் குழி தோண்டச் சொன்னார். மண்ணைத் தள்ளி மூடும்போது மெதுவாகக் கேட்டார்: "இதோட குஞ்சு எங்க இருக்குன்னு பார்த்தியா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. மஃரிப் பாங்கு சொல்லும் வரை அந்த வேப்பமரத்திலும் பக்கத்து மரங்களிலும் ஏறி ஏறித் தேடினேன். கூடு கிடைக்கவில்லை. குஞ்சு இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

பின்னாளில் மத்ரஸாவில் அபூதாவூது கிதாபில் ஒரு ஹதீஸ் ஓதினோம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பயணத்தில் சஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்து, குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த இடத்தில் உஸ்தாத் மேலே ஓதிக்கொண்டே போனார். எனக்கு மட்டும் கிதாபின் எழுத்து மங்கிவிட்டது. என் நன்னி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்த ஹதீஸின் சாரம் அவரிடம் இருந்தது.

மூன்றாவது வாசல்: எதற்காக?

தம்பியிடம் நான் கேட்டேன். "வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" "இல்ல ஹஜ்ரத்." "கறிக்கடையில பண்ணைக் காடை கிடைக்குதே, ஹலாலா அறுத்துத் தர்றாங்களே?" "கிடைக்குது ஹஜ்ரத்." "அப்ப எதுக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உண்மையைச் சொன்னார்: "சும்மா ஒரு த்ரில் ஹஜ்ரத். வீடியோ பார்த்தோம்."

அந்த உண்மைக்காக அவருக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். ஆனால் இங்கேதான் நாம் பயப்பட வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் நடந்து போகும்போது, குறைஷிக் குல இளைஞர்கள் சிலர் ஒரு பறவையை நிறுத்தி வைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றைக் குறிப்பலகையாக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) சொன்னார்கள். ஸஹீஹான ஹதீஸ். அந்த இளைஞர்களும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் அது ஒரு விளையாட்டு.

ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ உரிமையின்றிக் கொன்றால் அதைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று நஸாயீயில் வருகிறது. அதன் உரிமை என்ன என்று கேட்டதற்கு, அறுத்து உண்பதுதான், தலையை வெட்டி எறிவதல்ல என்று பதில் வந்தது. வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருகிற பறவைக்கு நாளை நாம் என்ன பதில் சொல்வோம்?

அப்படியென்றால் ரைஃபிளே வேண்டாமா?

தம்பியின் முகம் வாடிவிட்டது. "அப்ப வாங்கவே கூடாதா ஹஜ்ரத்?" என்றார்.

கூடும் என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன். பலம் என்பது எய்வதில் இருக்கிறது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மூன்று முறை சொன்னதாக முஸ்லிமில் இருக்கிறது. குறிபார்த்துச் சுடுவது நல்ல கலை. மூச்சை அடக்கவும் அவசரத்தை அடக்கவும் கற்றுத்தருகிற கலை. உயிரைக் குறி வைக்காதீர்கள், காகிதத்தைக் குறி வையுங்கள்.

இது சின்ன விளையாட்டு என்று நினைக்காதீர்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்று ஒரு போட்டியே இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். நமக்குப் பக்கத்தில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே போட்டியில் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போய் வந்தார். பத்து மீட்டர் தூரத்தில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கொக்கு அவ்வளவு பெரிய பறவை, அதைச் சுட்டு என்ன பெருமை? அந்தப் புள்ளியைச் சுட்டுக் காட்டுங்கள்.

இனி தம்பி கேட்ட "எது நல்லது?" என்ற கேள்விக்கு வருகிறேன். பயிற்சி கொடுப்பவர்களிடம் விசாரித்துத்தான் சொல்கிறேன். காகிதக் குறிக்கு 4.5 மி.மீ. போதும், போட்டிகளிலும் அதுதான். அதிக வேகம் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பத்து முறை சுட்டால் பத்தும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் தரம். எடையைத் தோளில் வைத்துப் பாருங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்கான ரைஃபிள் அல்ல. ஸ்பிரிங் வகையில் சுடும்போது உள்ளே ஓர் உதறல் இருக்கும், பிடி பழக நாளாகும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் வகையில் உதறல் குறைவு, விலையும் பராமரிப்பும் அதிகம். காகிதத்திற்குத் தட்டைமுனை பெல்லட் வாங்குங்கள், வட்டமாகத் துளை விழும், மதிப்பெண் பார்க்க எளிது. எல்லாவற்றிலும் நல்லது, வாங்குவதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து அங்குள்ள ரைஃபிளில் ஒரு மாதம் பழகுவது. ஆசை நிலைக்கிறதா என்றும் தெரியும், பணமும் வீணாகாது.

பெற்றோர்களே, உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சிறு கல்லை விரலால் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியைக் கொல்லாது, எதிரியைக் காயப்படுத்தாது, ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் சொன்னார்கள். ஒரு சுண்டு கல்லுக்கே அந்த எச்சரிக்கை என்றால் பெல்லட்டுக்கு என்ன? மொட்டை மாடியில் சுடாதீர்கள். முல்லா வீதியிலும் காஜி வீதியிலும் மாடிக்கு மாடி ஒட்டியிருக்கிறது, துணி காயப் போடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். பெல்லட் சுவரில் பட்டுத் திரும்பும், கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது. அம்போடு பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடந்தால் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது ஹதீஸ். தன் சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவனை மலக்குகள் சபிக்கிறார்கள் என்பதும் ஹதீஸ். விளையாட்டுக்குக்கூட மனிதர் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள். வீட்டில் பூட்டி வையுங்கள், பெல்லட் வேறு இடத்தில் இருக்கட்டும். அது ஈயம், தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

எட்டும் தூரத்தில் ஒரு சோதனை

கடைசியாக, இன்றைய பயானில் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய ஒரு விஷயம்.

அல்மாயிதாவின் 94ஆம் வசனம். உங்கள் கைகளும் ஈட்டிகளும் எட்டுகிற தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் உங்களைச் சோதிப்பான், மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுத்துவதற்காக என்பது அதன் கருத்து. ஹுதைபிய்யா பயணத்தில் சஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது இது இறங்கியது என்று முகாத்தில் (ரஹ்) அவர்கள் வழியாக தஃப்ஸீர்களில் வருகிறது. பாலைவனத்தில் தேடினாலும் கிடைக்காத பறவைகளும் விலங்குகளும் அன்று அவர்களின் கூடாரங்களுக்கு நடுவிலேயே வந்து திரிந்தன. கையை நீட்டினால் பிடித்துவிடலாம். நீட்டவில்லை. அந்த நீட்டாத கைதான் ஈமான்.

சகோதரர்களே, ஊசுடு ஏரியில் மழைக்காலம் முடிந்த ஒரு காலை நேரம். வெகுதூரத்திலிருந்து பறந்து வந்த சிறகிகள், நாமக்கோழிகள், நீர்க்காகங்கள் தண்ணீர் நிறைய உட்கார்ந்திருக்கும். வனக்காவலர் அந்தப் பக்கம் இருக்க மாட்டார். கேமரா இருக்காது. உங்கள் கையில் ரைஃபிள் இருக்கும், பறவை எட்டும் தூரத்தில் இருக்கும். ஹுதைபிய்யாவின் அந்தச் சோதனை அந்த நிமிடம் உங்களுக்கு வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அன்று கையை மடக்கிக்கொண்டு திரும்பினால், பை காலியாக இருக்கலாம், அமல் ஏடு காலியாக இருக்காது.

இது பறவையோடு முடிகிற பாடமும் அல்ல. கடையில் கல்லாப்பெட்டி எட்டும் தூரத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்கிற ஏழை எட்டும் தூரத்தில் இருக்கிறார். இரவில் செல்போனில் ஹராம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டாததை விட்டுவிடுவதில் தக்வா இல்லை. எட்டுவதை அல்லாஹ்வுக்காக விடுவதில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பியும் அவருடைய மூன்று தோழர்களும் இந்த ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு ஊசுடு ஏரிக்குப் போகிறார்கள். துப்பாக்கி இல்லாமல். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் சூராவின் 38ஆம் வசனம் சொல்கிறதே, அந்தச் சமுதாயத்தைப் போய்ப் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். வர விரும்புபவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். சத்தம் போடாமல் வர வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

யா அல்லாஹ்! ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கைகளுக்கு வலிமையையும், அந்தக் கைகளை மடக்கிக்கொள்ளும் வலிமையையும் தருவாயாக! வாயில்லா ஜீவன்களுக்கு நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த அநியாயங்களை மன்னிப்பாயாக! யாரும் பார்க்காத இடத்தில் உன்னை அஞ்சுபவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.